பல்லில் கம்பி கட்டியவர்களுக்கும் பக்கத்தில் அமர்ந்திருப்பவர்களுக்கும்

மாணவ நண்பர்களே, உங்கள் வகுப்பில் பல்லுக்குக் கிளிப் போட்டிருக்கும் தோழன் ஒருவனோ தோழி ஒருத்தியோ இருக்கக்கூடும். நீங்களே போட்டிருக்கவும் கூடும். கம்பி கட்டிய அன்று மருத்துவமனையில் ஒரு தாளைக் கொடுத்து அனுப்புவார்கள். முறுக்கு தின்னாதே, கரும்பு கடிக்காதே, மிட்டாயைத் தொடாதே, ஒவ்வொரு முறை சாப்பிட்ட பிறகும் பல் துலக்கு, ரப்பர் வளையத்தைக் கழற்றாதே என்று பத்துப் பன்னிரண்டு கட்டளைகள் அதில் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் அம்மாவும் அப்பாவும் அதே கட்டளைகளை இன்னும் உரத்த குரலில் கூறுவார்கள். இரண்டு வாரம் எல்லாம் ஒழுங்காக நடக்கும். மூன்றாவது வாரம் யாருக்கும் தெரியாமல் ஒரு கடலைமிட்டாய் வாய்க்குள் போகும்.

இதற்கு மாணவர்களை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது என்பது என் கருத்து. காரணம் சொல்லாமல் கட்டளை மட்டும் இட்டால், கண்காணிப்பவர் இருக்கும் வரைதான் அது நடக்கும். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் உங்களுக்கு விசை, அழுத்தம், மீள்தன்மை, அமிலம் ஆகியவை தெரியும். கம்பி கட்டிய பல்லில் நடப்பதைப் புரிந்துகொள்ள இவற்றுக்கு மேல் அதிகம் தேவையில்லை. அப்படியிருக்க, உங்களை ஐந்து வயதுக் குழந்தையைப் போல் நடத்தி, ‘செய், செய்யாதே’ என்று மட்டும் கூறுவது ஏன்? நான் கற்பிப்பது இயற்பியல். பல் மருத்துவம் அன்று. ஆகையால் யாருக்கு என்ன சிகிச்சை என்பதை மருத்துவரிடம் விட்டுவிடுவோம். அந்தத் தாளில் விட்டுப்போன காரணங்களை மட்டும் இங்கே பேசுவோம்.

பல் தாடை எலும்பில் ஆணி அடித்தாற்போல் இறுகியிருக்கிறது என்றுதான் பலரும் எண்ணுகிறோம். உண்மையில் பல்லின் வேருக்கும் எலும்புக்கும் நடுவில் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளி முழுவதும் நுண்ணிய நார்களும் ரத்த நுண்குழாய்களும் நிறைந்திருக்கின்றன. கயிற்றுக் கட்டிலில் படுத்திருப்பவரைக் கயிறுகள் தாங்குவது போல் பல்லை இந்த நார்கள் தாங்குகின்றன. கம்பி பல்லை ஒரு பக்கமாகத் தள்ளும்போது அந்தப் பக்கத்து நார்கள் நசுங்குகின்றன. எதிர்ப்பக்கத்து நார்கள் இழுபடுகின்றன. நசுங்கும் பக்கத்தில் எலும்பைக் கரைக்கும் செல்கள் வந்து கூடுகின்றன. இழுபடும் பக்கத்தில் எலும்பைக் கட்டும் செல்கள் வேலையைத் தொடங்குகின்றன. முன்னால் உள்ள சுவரை இடித்துக்கொண்டும் பின்னால் ஒரு சுவரை எழுப்பிக்கொண்டும் பல் நகர்கிறது. சுவீடன் நாட்டைச் சேர்ந்த கார்ல் சாண்ட்ஸ்டெட் என்பவர் நாய்களின் பற்களை இவ்வாறு நகர்த்தி, திசுக்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்து 1904-இல் எழுதினார். பல் நகர்வதைப் பற்றிய அறிவியல் அங்கேதான் தொடங்குகிறது எனலாம்.

ஆக, பல்லை நகர்த்தும் வேலையைச் செய்வது உங்கள் உடலின் செல்களே. கம்பி அவற்றுக்குத் திசை காட்டுகிறது. இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் தாளில் உள்ள கட்டளைகளில் பாதி தாமாகவே விளங்கிவிடும்.

இதற்கு எவ்வளவு விசை வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? சாய்ந்து நிற்கும் பல் ஒன்றை நிமிர்த்த 35 முதல் 60 கிராம் எடைக்குச் சமமான விசை போதும். பல்லை வேரோடு சேர்த்து அப்படியே பக்கவாட்டில் நகர்த்த 70 முதல் 120 கிராம் வேண்டும். உள்ளங்கையில் ஒரு கோழிமுட்டையை வைத்துப் பாருங்கள். அதன் எடை ஏறக்குறைய 50 கிராம். அவ்வளவு மெல்லிய விசைக்குத்தான் எலும்பு வழிவிடுகிறது. வேகமோ மாதத்துக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். நம் விரல் நகம் இதைவிட மூன்று மடங்கு வேகமாக வளர்கிறது!

இங்கேதான் பலருக்கு ஒரு குறுக்கு யோசனை தோன்றும். ஒரு ரப்பர் வளையத்துக்குப் பதில் இரண்டு மாட்டினால் இரண்டு ஆண்டு வேலை ஓராண்டில் முடிந்துவிடாதா? மாட்டு வண்டியைத் தள்ளுவதாக இருந்தால் அது சரி. இரண்டு பேர் தள்ளினால் வண்டி விரைந்து நகரும். பல்லின் கணக்கு வேறு. விசை மிகுந்தால் அந்தக் கால் மில்லிமீட்டர் இடைவெளியில் உள்ள ரத்த நுண்குழாய்கள் நசுங்கி அடைபட்டுப் போகின்றன. ரத்தம் வராத இடத்துக்கு எலும்பைக் கரைக்கும் செல்கள் எப்படி வரும்? அந்தப் பகுதியின் திசு செத்துப் போகிறது. உடல் முதலில் அதை அப்புறப்படுத்த வேண்டும். அதற்குச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை பல் நின்ற இடத்திலேயே நிற்கும். வலி மட்டும் கூடும். இவ்வாறு தொடர்ந்து செய்தால் பல்லின் வேரே கரைந்து குட்டையாகும் ஆபத்தும் உண்டு. அவசரப்பட்டவருக்குத் தாமதமே கிடைக்கும்.

இதன் மறுபக்கமும் அவ்வளவே முக்கியமானது. மெல்லிய விசை நாள் முழுவதும் தொடர்ந்து இருந்தால்தான் செல்கள் வேலை செய்யும். இரவில் மட்டும் ரப்பர் வளையத்தை மாட்டிப் பகலில் கழற்றிவிடுபவர், பகல் முழுவதும் சாய்ந்த பல் திரும்பி வர இடங்கொடுக்கிறார். அந்த வளையங்களைத் தினமும் மாற்றச் சொல்வதற்கும் காரணம் உண்டு. இழுத்த நிலையிலேயே எச்சிலில் ஊறும் ரப்பர் சில மணி நேரத்துக்குள் தன் விசையில் ஒரு பகுதியை இழந்துவிடுகிறது. மறுநாள் காலை அது பெயருக்குத்தான் மாட்டியிருக்கும்.

கம்பியைப் பற்றி ஓர் இயற்பியல் ஆசிரியர் பேசத் தொடங்கினால் எளிதில் நிறுத்த மாட்டார். ஆயினும் சுருக்கமாகச் சொல்கிறேன். உருண்டைக் கம்பி ஒன்றின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் இருக்கும். விட்டத்தை இரு மடங்காக்கினால் விறைப்பு பதினாறு மடங்காகும். பல் மருத்துவர் முதலில் கட்டுவது 0.36 மி.மீ. விட்டமுள்ள கம்பியாக இருக்கலாம்; பின்னால் 0.46 மி.மீ. கம்பிக்கு மாற்றலாம். தடிமனில் கூடியது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. ஆனால் கணக்கிட்டுப் பாருங்கள், ஒரே உலோகமானால் விறைப்பு ஏறத்தாழ 2.7 மடங்காகிறது. ‘போன மாதம் கட்டியதைப் போலத்தானே இருக்கிறது, இந்த முறை மட்டும் ஏன் இப்படி வலிக்கிறது?’ என்று வியந்தவர்களுக்கு விடை இதில் இருக்கிறது. பேனா மூடியாலோ நகத்தாலோ கம்பியை நெம்பிக்கொண்டே பாடம் கேட்கும் வழக்கம் ஏன் கூடாது என்பதற்கும் விடை இதுவே. மருத்துவர் கிராம் கணக்கில் அளந்து வைத்த விசையை நீங்கள் ஒரு வளைவில் மாற்றிவிடுகிறீர்கள்.

தொடக்கத்தில் கட்டும் கம்பி பெரும்பாலும் நிக்கல், டைட்டானியம் இரண்டும் கலந்த உலோகக் கலவையாக இருக்கும். அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடம் ஒன்றில் வில்லியம் பியூலர் என்பவர் ஏவுகணையின் முனைக்கு ஏற்ற உலோகத்தைத் தேடியபோது 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிடைத்தது இது. வளைத்தாலும் பழைய வடிவத்தை நினைவில் வைத்துத் திரும்பும் உலோகம்! 1970-களின் தொடக்கத்தில் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஆண்டிரியசன் அதைப் பல்லுக்குக் கொண்டுவந்தார். எஃகுக் கம்பி நிமிர நிமிர விசை குறைந்துகொண்டே போகும். இந்தக் கலவையோ நெடுந்தூரம் வரை ஏறத்தாழ ஒரே விசையைத் தருகிறது. அது வெப்பநிலையைப் பொறுத்தும் மாறும். பனிக்கட்டி போட்ட நீரைக் குடிக்கும்போது கம்பி சற்றே தளர்கிறது. வாய் மறுபடி உடலின் சூட்டுக்கு வந்ததும் இறுகுகிறது. கம்பி கட்டிய முதல் இரண்டு மூன்று நாள் குளிர்ந்த நீர் இதமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த நாட்களில் இட்லி, இடியாப்பம், தயிர் சாதம் போன்றவற்றைச் சாப்பிட்டுக் கடந்துவிடலாம். அதன் பிறகு வலி தானே அடங்கும்.

இனி முறுக்குக்கும் கரும்புக்கும் வருவோம். ஒவ்வொரு பல்லின் மீதும் ஒட்டியிருக்கும் சிறு துண்டுக்குப் பிராக்கெட் என்று பெயர். பல்லின் மேற்பரப்பை அமிலம் தடவிச் சொரசொரப்பாக்கி அதன் மேல் ஒட்டும் முறைக்கு, மைக்கேல் புவனோகோர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1955-இல் வழி காட்டினார். இந்தப் பசை ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 6 முதல் 8 நியூட்டன் வரை தாங்குமாறு இருந்தால் போதும் என்பது வழக்கமான கணக்கு. பிராக்கெட்டின் அடிப்பரப்பு ஏறத்தாழ 10 சதுர மில்லிமீட்டர். பெருக்கினால் 60 முதல் 80 நியூட்டன் வரும். அதாவது ஆறு முதல் எட்டுக் கிலோகிராம் எடை. கடைவாய்ப் பற்களால் ஓங்கிக் கடிக்கும்போது வளர்ந்தவர் ஒருவர் 400, 500 நியூட்டன் வரை விசை செலுத்த முடியும். சீடையோ தட்டையோ பிராக்கெட்டின் விளிம்பில் மாட்டிக்கொண்டால் எது தோற்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

பசையை இன்னும் வலிமையாகச் செய்தால் என்ன என்று கேட்கலாம். செய்ய முடியும். ஆனால் சிகிச்சை முடிந்து பிராக்கெட்டை எடுக்கும் நாளில் பல்லின் எனாமலும் அதோடு பெயர்ந்து வந்துவிடும். விழக்கூடிய அளவுக்கே ஒட்டியிருப்பதுதான் அதன் சிறப்பு. ஆகவே அது விழுந்தால் உடனே மருத்துவரைக் குறை சொல்லாதீர்கள். முதலில் நேற்று என்ன தின்றீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். விழுந்த பிராக்கெட்டை மறுபடி ஒட்டும் வரை அந்தப் பல் நகர்வது நின்றுபோகும். பக்கத்துப் பற்கள் தம் வழியில் போய்க்கொண்டிருக்கும். ஒவ்வொரு முறை விழும்போதும் சிகிச்சை சில வாரம் நீள்வதற்குக் காரணம் இதுவே.

இதற்காகச் சாப்பாட்டின் இன்பத்தையே துறக்க வேண்டியதில்லை. முன்பல்லால் கடித்து இழுத்துத் தின்பதை விட்டுவிட்டால் போதும், பெரும்பாலான பண்டங்கள் உங்களுக்குத் திரும்பக் கிடைத்துவிடும். கொய்யாவையும் ஆப்பிளையும் மெல்லிய துண்டுகளாக நறுக்கி, பின்பற்களால் மெல்லலாம். மாங்காயைச் சீவித் தின்னலாம். சோளக்கதிரை உதிர்த்துத் தின்னலாம். பொங்கலுக்குக் கரும்பைச் சாறாகக் குடித்து, உடனே வாயைக் கொப்பளிக்கலாம். கமர்கட்டு, கடலைமிட்டாய், ஜவ்வு மிட்டாய், பனிக்கட்டி, எலும்பைக் கடிப்பது ஆகியவற்றுக்கு மட்டும் வழியில்லை. கம்பியைக் கழற்றும் வரை அவை காத்திருக்கட்டும்.

நான் மிகுதியாகக் கவலைப்படுவது உடைந்த பிராக்கெட்டைப் பற்றி அன்று. அதை மறுபடி ஒட்டிவிடலாம். மறுபடி ஒட்ட முடியாத ஒன்று இருக்கிறது. அதுதான் எனாமல்.

ராபர்ட் ஸ்டீபன் என்ற அமெரிக்கர் 1940-களில் ஒரு சோதனை செய்தார். சர்க்கரைக் கரைசலால் வாயைக் கொப்பளிக்கச் செய்து, பல்லின் மேல் படிந்திருக்கும் படலத்தின் பி.எச். மதிப்பை நிமிடக் கணக்கில் அளந்தார். சில நிமிடங்களிலேயே அது சரேலென்று 5-ஐ நோக்கி இறங்கியது. பழைய நிலைக்குத் திரும்ப அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆயிற்று. படலத்தில் வாழும் பாக்டீரியாக்கள் சர்க்கரையை உண்டு அமிலத்தை வெளிவிடுவதால் வரும் வினை இது. பி.எச். 5.5-க்குக் கீழே போனால் எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறத் தொடங்கும். கம்பி இல்லாத வாயில் நாக்கும் உதடும் எச்சிலும் ஓரளவு கழுவிவிடுகின்றன. பிராக்கெட்டும் கம்பியும் உள்ள வாயிலோ உணவுத்துகளும் படலமும் ஒளிந்துகொள்ள நூறு மூலைகள் இருக்கின்றன. துலக்காமல் விட்டால் நான்கே வாரத்தில் பிராக்கெட்டைச் சுற்றிச் சுண்ணாம்பு தடவியது போன்ற வெண்புள்ளிகள் தோன்றக்கூடும். எனாமலைக் கட்டிய செல்கள் பல் முளைத்தபோதே மறைந்துவிட்டன. எலும்பு முறிந்தால் கூடும், தோல் கிழிந்தால் மூடும். எனாமல் போனால் புதிதாக வளராது. தொடக்க நிலையில் எச்சிலும் ஃபுளோரைடும் ஓரளவு ஈடு செய்யும். ஆயினும் ஆழமாக விழுந்த தடம் பல காலம் தங்கிவிடும்.

இரண்டு ஆண்டு பொறுத்திருந்து, கம்பியைக் கழற்றும் நாளில் கண்ணாடியில் பார்க்கிறீர்கள். பற்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் நடுவிலும் பிராக்கெட் இருந்த இடம் மட்டும் சதுரமாகத் தெளிந்திருக்க, சுற்றிலும் வெள்ளைத் தழும்பு. இப்படிப்பட்ட நேர்மையான வரிசையைவிடச் சற்றே கோணலாக, ஆனால் முழுமையாக இருந்த பழைய பற்களே மேல் என்பேன். ஆகவேதான், ‘முதலில் மூன்று மாதம் நன்றாகப் பல் துலக்கிக் காட்டு, பிறகு கம்பி கட்டலாம்’ என்று திருப்பி அனுப்பும் மருத்துவரை நான் மதிக்கிறேன். பெற்றோருக்கு அது கோபமூட்டலாம். வேறு மருத்துவரைத் தேடிப் போகவும் தோன்றலாம். போகாமல் அந்த மூன்று மாதத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். துலக்கும் பழக்கம் வரவில்லையென்றால், அழகுக்காக மட்டும் செய்யும் சிகிச்சை ஓராண்டு தள்ளிப் போவதால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

துலக்குவது எப்படி? கம்பிக்கு மேலே ஒரு வரிசை, கம்பிக்குக் கீழே ஒரு வரிசை என்று இரண்டு தனிப் பாத்திகளாக எண்ணிக்கொள்ளுங்கள். மென்மையான பிரஷை ஈறு ஓரத்தில் சாய்த்து வைத்து மேல் பாத்தியையும், பிறகு எதிர்ப்பக்கமாகச் சாய்த்துக் கீழ்ப் பாத்தியையும் தேய்க்க வேண்டும். கம்பிக்கு அடியில் நுழைய, பாட்டில் கழுவும் பிரஷின் குட்டிக் குழந்தை போன்ற சிறிய பிரஷ் ஒன்று மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. அதைப் பிராக்கெட்டுகளுக்கு இடையே மேலும் கீழும் ஓட்டுங்கள். பற்பசை உறையில் ஃபுளோரைடு 1000 பி.பி.எம். அல்லது அதற்கு மேல் உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். இரவில் துலக்குவதை மட்டும் எக்காரணம் கொண்டும் விடக்கூடாது; உறங்கும்போது எச்சில் சுரப்பு மிகவும் குறைந்துவிடுகிறது. வேப்பங்குச்சியின் பெருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் கம்பிக்கு அடியில் அது நுழையாது. கரித்தூளும் செங்கல்தூளும் எனாமலைத் தேய்ப்பவை, வேண்டாம். எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பான பானம் குடித்தவுடன் துலக்காமல், முதலில் நீரால் கொப்பளித்துவிட்டு அரை மணி கழித்துத் துலக்குங்கள்.

இடையில் ஒரு சிறு செய்தி. பிராக்கெட்டைக் கம்பியோடு பிணைக்கும் நிறமற்ற ரப்பர் வளையங்கள் நம் வீட்டுச் சாம்பாரைக் கண்டால் இரண்டே நாளில் மஞ்சளாகிவிடும். மஞ்சள் தூளின் நிறப்பொருள் அதில் ஏறிக்கொள்கிறது. அது அழுக்கு அன்று, கெடுதலும் அன்று. பார்க்கப் பிடிக்காதவர்கள் அடுத்த முறை நீலமோ சாம்பல் நிறமோ கேட்டு வாங்கலாம்.

கம்பிக்குப் பதிலாகக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறை மாட்டும் முறைக்கு அலைனர் என்று பெயர். 1990-களின் இறுதியில் இது கடைக்கு வந்தது. ஒவ்வோர் உறையும் பல் இப்போது நிற்கும் இடத்திலிருந்து கால் மில்லிமீட்டர் அளவு தள்ளி வடிவமைக்கப்பட்டிருக்கும். அந்த அளவு எங்கேயோ கேட்டது போல் இருக்கிறதல்லவா? ஆம், பல்லைச் சுற்றியுள்ள இடைவெளியின் அளவும் அதுவேதான். அதற்கு மேல் தள்ளினால் நுண்குழாய்கள் நசுங்கிப் போகும்.

இதில் வசதி என்னவென்றால், சாப்பிடும்போது கழற்றிவிடலாம். தொல்லையும் அதுவே. நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் அது வாயில் இருந்தாக வேண்டும். கழற்ற முடிகிற எதுவும் கழற்றியபடியே கிடப்பதற்கும் வாய்ப்புண்டு. கம்பி கட்டியவரின் சோம்பலைக் கம்பி ஓரளவு பொறுத்துக்கொள்ளும். அலைனர் சற்றும் பொறுக்காது. தன் மீது தனக்கு நம்பிக்கையில்லாத மாணவர் கம்பியையே கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது என்று நினைக்கிறேன்.

அலைனர் வாயில் இருக்கும்போது வெறும் நீரைத் தவிர வேறெதையும் குடிக்கக்கூடாது. குளிர்பானம் உறைக்கும் பல்லுக்கும் நடுவில் தேங்கி நிற்கும். எச்சில் அங்கே போய் அமிலத்தைத் தணிக்க முடியாது. பற்களைச் சர்க்கரைத் தொட்டியில் ஊற வைத்ததற்கு ஒப்பாகும். சூடான காபியும் தேநீரும் கூடாது. சூட்டில் இளகும் பிளாஸ்டிக் அது. கொதிநீரில் போட்டுக் கிருமி நீக்குகிறேன் என்று கிளம்பினால் அது வேறு வடிவத்துக்கு வந்துவிடும். ஆறிய நீரும் மென்மையான பிரஷும் போதும். முதல் சில நாள் பேச்சு குழறும். பாடத்தை வாய்விட்டுப் படித்தால் விரைவில் சரியாகிவிடும், தேர்வுக்கும் உதவும்.

கழற்றிய அலைனரை அதற்குரிய டப்பாவில் மட்டும் வையுங்கள். காகிதத்தில் சுற்றி வைப்பவர்கள் இழப்பது உறுதி. கல்யாணப் பந்தியில் இலையோரம் சுற்றி வைத்த காகிதம், இலையை மடித்ததும் இலையோடு போய்விடும். எச்சில் இலைக் குவியலில் அதைத் தேடுவது எளிய வேலையா?

சிறு தொல்லைகளை அதிகம் விவரிக்கத் தேவையில்லை. கம்பி கன்னத்தில் உரசினால் மருத்துவர் தந்த மெழுகைச் சிறு உருண்டையாக்கி அதன் மேல் அழுத்துங்கள். வாய்ப்புண்ணுக்கு வெதுவெதுப்பான உப்பு நீரால் கொப்பளியுங்கள். முனை குத்தினாலோ பிராக்கெட் கழன்றாலோ அடுத்த தவணை வரை காத்திருக்காமல் தெரிவியுங்கள். கபடியோ ஹாக்கியோ ஆடுபவர்கள் பல்லுக்கு ஏற்ற காப்புறையைக் கேட்டு வாங்குங்கள்.

ஒன்றை மட்டும் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. முன்பற்களுக்கு நடுவே உள்ள சந்தை மூட, கடையில் வாங்கிய ரப்பர் வளையத்தைத் தாமே மாட்டிக்கொள்ளும் வழக்கம் சிலரிடம் உண்டு. செலவில்லாத வைத்தியம் என்று தோன்றும். பல்லின் வேர் கூம்பு வடிவமானது. மேலே போகப் போகக் குறுகுவது. கூம்பின் மேல் மாட்டிய ரப்பர் வளையம் குறுகிய பக்கத்துக்கே வழுக்கிச் செல்லும் என்பதைக் காகிதக் கூம்பு ஒன்றைச் செய்து நீங்களே சோதிக்கலாம். வளையம் ஈறுக்குள் மறைந்து, வேரைச் சுற்றியுள்ள நார்களை அறுத்துக்கொண்டே மேலேறும். வெளியே ஒன்றும் தெரியாது. இரு முன்பற்களும் ஆடி விழுந்த நிகழ்ச்சிகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. செலவுதான் தடை என்றால், சென்னையில் உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரியில் பல்சீரமைப்புத் துறை இருக்கிறது. அங்கே சென்று கேட்கலாம்.

கம்பியைக் கழற்றிய நாளில் எல்லோரும் இனிப்பு வழங்குகிறார்கள். உண்மையில் வேலை அன்று முடிவதில்லை. பல்லைத் தாங்கும் நார்கள் புதிய இடத்தில் ஒழுங்காக அமைய மூன்று நான்கு மாதம் ஆகும். ஈறில் உள்ள மீள்தன்மை மிக்க நார்களோ ஓராண்டு வரை முறுக்கிய கயிறு போல் பல்லைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டிருக்கும். அதைத் தடுக்கவே ரிடெய்னர் என்ற தாங்கியைக் கொடுக்கிறார்கள். கண்ணில் படும் கம்பி போய்விட்டதால் பெற்றோரும் கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள். ரிடெய்னர் மேசை இழுப்பறையில் உறங்கத் தொடங்குகிறது. பல மாதச் சேமிப்பைக் கொட்டிய வேலை ஒரு கோடை விடுமுறையில் பாதி வீணாகும். இரண்டு வாரம் போடாமலிருந்து மறுபடி மாட்டும்போது இறுக்கமாக இருந்தால், பல் நகர்ந்துவிட்டது என்று பொருள். வலுவில் திணிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பக்கத்தில் அமர்ந்திருப்பவர்களிடம் பேச வேண்டிய நேரம் இது. கம்பி கட்டிய தோழனைப் பட்டப்பெயர் வைத்து அழைப்பது உங்களுக்கு ஒரு நிமிட வேடிக்கை. அவன் அதற்காகவே மதிய உணவுக்குப் பின் குழாயடிக்குப் போய்ப் பல் துலக்க வெட்கப்பட்டு, வாயை மூடிக்கொண்டு மாலை வரை உட்கார்ந்திருப்பான். ஸ்டீபன் அளந்த அந்த அமிலம் அவன் பல்லில் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். அவனுடைய முன்பல்லில் விழும் வெண்புள்ளியில் உங்கள் பங்கும் இருக்கிறது.

பள்ளிகளும் இதில் கொஞ்சம் உதவ வேண்டும். மதிய இடைவேளையில் சாப்பிட்ட பிறகு துலக்க ஐந்து நிமிடமும் நீர் வரும் குழாய் ஒன்றும் இருந்தால் போதும். கம்பி கட்டியவர்களுக்கு மட்டும் சலுகை தருவதைவிட எல்லோரும் துலக்கட்டும் என்று விட்டுவிடுவது மேல். அப்போது யாருக்கும் வெட்கமிருக்காது, மற்றவர்களின் பற்களும் பிழைக்கும். பாடவேளை தொடங்கும் மணி அடித்த பின் பிரஷோடு ஓடிவரும் மாணவியை வாசலில் நிறுத்தி வைக்கும் ஆசிரியர்களுக்கும் இதைச் சொல்கிறேன். உங்கள் வகுப்பு சார்பில் தலைமையாசிரியரிடம் இந்த ஐந்து நிமிடத்தைக் கேட்டுப் பாருங்கள். கேட்டுப் பெற்ற வகுப்புகள் தங்கள் அனுபவத்தை இவ்விதழுக்கு எழுதி அனுப்பினால், எப்படிக் கேட்டீர்கள் என்பது மற்றப் பள்ளி மாணவர்களுக்கும் தெரியவரும்.